உறக்கம் என்னும் அடைக்கலம்

சமயம் பேசுவோர் உறக்கத்தைப் பெரும்பாலும் இகழ்ந்தே பேசுவர். சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் கண்விழித்தலே நோன்பு. கெடுவார் விரும்பி ஏறும் கலங்கள் நான்கனுள் துயிலையும் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். அவர் கடிந்தது சோம்பலின் துணையாகிய மிகுதுயிலையே எனக் கொள்வது பொருந்தும். கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் கண்ணன், மிகையாக உறங்குவோனுக்கு யோகம் இல்லை என்று கூறியதோடு நில்லாமல், உறங்காதே விழித்திருப்போனுக்கும் அது இல்லை என்கின்றான். இவ்விரண்டாவது எச்சரிக்கையை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

பிருகதாரணியக உபநிடதத்தில் காசி மன்னன் அஜாதசத்ருவைப் பற்றிய கதை ஒன்று உண்டு. கார்க்கியன் என்னும் கல்விச் செருக்குடைய அந்தணன் மன்னனுக்குப் பிரமத்தை உபதேசிக்க வந்தான். சூரியன், சந்திரன், மின்னல் என ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றையும் மன்னன் மறுக்கவே, இறுதியில் வாயடைத்து நின்றான். அப்பொழுது மன்னன் அவன் கையைப் பற்றி, உறங்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் அழைத்துச் சென்றான். பெரியோனே, அரசே என்றெல்லாம் உயர்ந்த பெயர்களால் அழைத்தான், உறங்கியவன் எழவில்லை. கையால் தொட்டு அசைத்தபின்னரே எழுந்தான். இவன் இதுவரை எங்கே இருந்தான், எங்கிருந்து திரும்பி வந்தான் என்று மன்னன் வினவினான். கார்க்கியனுக்கு விடை தெரியவில்லை. பட்டங்களும் பெயர்களும் சென்று எட்டாத ஓர் இடம் மனிதனுக்குள் இருக்கின்றது என்பதைக் காட்ட, மன்னனுக்கு ஒரு சாதாரண மனிதனின் உறக்கமே போதுமாயிருந்தது.

அதே நூலில், மிதிலையை ஆண்ட சனகனுக்கு யாக்ஞவல்கியர் இதனை மேலும் விளக்குகின்றார். வானில் பறந்து களைத்த பருந்து சிறகை மடக்கிக் கூட்டை அடைவதுபோல உயிரும் ஆழ்ந்த துயிலை அடைகின்றதாம். அங்கே தந்தை தந்தையல்லன், திருடன் திருடனல்லன், சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவனுக்கும் அந்தத் தாழ்வு இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பகலெல்லாம் நாம் எத்தனை பெயர்களைச் சுமக்கின்றோம்! அலுவலகத்தில் ஒரு பதவி. கடைவீதியில் இந்தியோ மராத்தியோ தட்டுத்தடுமாறிப் பேசும் வெளியூரான். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பவேண்டிய மகன். வாடகை வீட்டில் ஒரு குடித்தனக்காரர். இவற்றுள் ஒன்றையேனும் உடன்கொண்டு உறக்கத்துக்குள் நுழைய இயலாது. ஆழ்ந்த துயிலில் வங்காளியும் இல்லை, தமிழனும் இல்லை. வந்தேறி என்று ஒருவனை அங்கே அழைப்பார் இல்லை.

இதனால் உறக்கமே வீடுபேறு என்று எவரேனும் எண்ணினால், சாந்தோக்கிய உபநிடதம் அதனையும் தடுக்கின்றது. ஆழ்ந்த துயிலே ஆன்மா என்று பிரசாபதி கூறியபொழுது, தன்னையும் அறியாத அந்நிலையில் என்ன நன்மை என்று இந்திரன் திரும்பி வந்து வினவினான். மேலும் 5 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆக 101 ஆண்டுகள். இந்திரன் கேட்டது நேர்மையான கேள்வி. நம் சைவ சித்தாந்திகளும் சுழுத்தியை உயிரின் அவத்தைகளுள் ஒன்றாகவே வைத்தனர். யான் என்பது அங்கே அழிவதில்லை. ஒடுங்கியிருந்து விடியலில் மீளவும் தலைதூக்குகின்றது. ஆயினும் அதனை நாள்தோறும் சில நாழிகையாவது கீழே இறக்கி வைக்கும் பழக்கம், கல்லாதவர்க்கும் கைவந்த துறவு அன்றோ!

கையில் உள்ளதையெல்லாம் வைத்துவிட்டுக் காவலின்றிக் கிடப்பவன் உறங்குபவன். ஆகவே அவனுக்கு இழைக்கும் தீங்கைப் பாரதம் கொடுமையினும் கொடுமையாகக் காட்டுகின்றது. பதினெட்டுப் பருவங்களுள் பத்தாவதாகிய சௌப்திக பருவத்தில், கிருபன் தடுத்தும் கேளாமல், அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து துயின்றோரைக் கொன்றான். நம் காலத்திலும் இக்கேள்வி நீதிமன்றம் ஏறியதுண்டு. 2011 ஜூன் 4-ஆம் நாள் நள்ளிரவில், தில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கலைக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. 2012-இல் வெளிவந்த தீர்ப்பில், உறக்கமும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையைச் சார்ந்தது என்ற கருத்து இடம்பெற்றது.

வளர்ந்தோர்க்கு இரவில் 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டுமென மருத்துவர் கூறுவர். பகலில் கற்றது நினைவில் நிலைபெறுவதும் உறக்கத்திலேயே என்பர். உறக்கம் வாராது பல வாரங்கள் துன்புறுவோரை நோக்கி, உனக்குப் பக்தி போதாது என்று சொல்லுதல் பெரும் பிழை. அது நோய், மருத்துவரை நாடவேண்டும். ஆனால், படுக்கையிலும் கைப்பேசியை விடாது, நாளைய கணக்கையும் ஊர்ச் செய்தியையும் மாறிமாறிப் புரட்டுவது நாமே தேடிக்கொள்வது. மதுரையில் இரவுதோறும் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் மீனாட்சியம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. பின்னர் நடை சாத்தப்படுகின்றது. நம் வீட்டிலும் ஒரு நேரத்தில் நடை சாத்தலாம்.

விழித்திருந்தே தீரவேண்டியவர்களும் உளர். செவிலியர், காவலர், கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் முன்பின் அறியாதாரிடையே நாம் அச்சமின்றித் துயிலும்பொழுது எஞ்சினில் விழித்திருக்கும் ஓட்டுநர் ஆகியோரின் கண்விழிப்பில்தான் நம் துயில் தங்கியிருக்கின்றது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வாழும் நேயர்கள் ஊர்மிளாதேவியின் நித்திரை பற்றிய தெலுங்குப் பெண்டிர் பாடலைக் கேட்டிருக்கக்கூடும். இலக்குவன் வனத்தில் கண்ணிமையாது காத்த 14 ஆண்டுகளும் அவன் மனைவி அயோத்தியில் உறங்கினாள் என்பது கதை. விழித்தவனின் உறக்கக் கடனை வீட்டில் ஒருவர் தீர்க்கவேண்டியிருந்தது போலும்! இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்து படுக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த அறையிலோ இருந்தால், அவருடைய இரவு அப்பொழுதுதான் தொடங்குகின்றது. சன்னலுக்குத் தடித்த திரை இடுங்கள், அழைப்புமணியை நிறுத்திவையுங்கள், குழந்தைகளைச் சற்றே அப்பால் அழைத்துச் சென்று விளையாட விடுங்கள்.