செய்தியையும் பரிசோதிக்கப் பழகுவோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த நாங்கள் சிலர் இன்று வைத்தியர்களாக இருக்கிறோம். எங்களிடம் வருகிறவர்கள் நோயைச் சொல்லும்போதே கைபேசிக்கு வந்த செய்தியையும் காட்டுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க 2017 முதல் ஆறாம் தர மாணவியருக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. “பிள்ளைப்பேறு இல்லாமற் போகுமாமே?” என்று தாய்மார் கேட்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

2018 இல் அம்பாறையில் உணவகமொன்றின் கறியில் இருந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. சூழ்ந்து நின்று கேட்டபோது தலையாட்டினார். அந்தத் துண்டுக் காணொளி, “ஒப்புக்கொண்டார்” என்ற பெயரில் முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை வைத்தியத்தில் இல்லவே இல்லை.

இதைப் படமெடுத்தவர் யார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? வேறு யாராவது உறுதிப்படுத்தினார்களா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக்குவதுதான் ஊடகக் கல்வி. “தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்” நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடம். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கும் பிள்ளைகள் அதைத் தொடுவதேயில்லை. நாளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வருபவர்களுக்கு அது வேண்டாமா?

அதிபர் அவர்களிடம் நாங்கள் கேட்பது வாரத்தில் ஒரு பாடவேளை மட்டுமே. எல்லாப் பிரிவு மாணவியருக்கும் அது வேண்டும். ஒரே சம்பவத்தைத் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எதைத் தலைப்பாக்கினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகளே பேசட்டும். இதற்குக் கணினி அறைகூடத் தேவையில்லை. பத்திரிகைச் செலவை நூற்றாண்டு ஞாபகார்த்தமாக நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

அந்தப் பழக்கம் வகுப்பறையோடு நிற்காது. அம்மாவின் வட்ஸ்அப்பில் அடுத்த வதந்தி வரும்போது, “இதை யார் சொன்னது, அம்மா?” என்று வீட்டில் மகளே கேட்பாள்.