விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்?



நியூயார்க் நகரில் கிழக்கு முதலாம் தெருவில் 36ஆம் எண் கட்டடத்துக்குப் புனித சூசையப்பர் இல்லம் என்று பெயர். பல பத்தாண்டுகளாகக் காலை நேரத்தில் அதன் வாசலில் வரிசை நின்றிருக்கிறது. உள்ளே சூப், ரொட்டி, காப்பி. வந்தவரிடம் அடையாளச் சீட்டு கேட்பதில்லை. இந்த நிலைக்கு ஏன் வந்தாய் என்ற விசாரணையும் இல்லை. பரிமாறுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களில் பலருக்கு அதுதான் வீடு. தெருவிலிருந்து சூப் குடிக்க வந்து, போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் அதுதான் வீடு.

இந்த வாழ்க்கையைத் தொடங்கி வைத்தவர்கள் இருவர். டோரதி டே பத்திரிகையாளர். 1927இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, ஒரே மகளைத் தனியாக வளர்த்துவந்தவர். பீட்டர் மோரின் பிரான்சின் உழவர் குடும்பத்தில் பிறந்து, நாடோடியாய் உழைத்து, தானே படித்துத் தேர்ந்தவர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் அமெரிக்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்து நின்ற 1933ஆம் ஆண்டு, மே முதல் நாள், யூனியன் சதுக்கத்தில் இவர்களுடைய ‘கேத்தலிக் வொர்க்கர்’ பத்திரிகை வெளிவந்தது. அச்சடித்தவை 2,500 பிரதிகள். விலை ஒரு சென்ட்.

பசித்தவருக்கும் வீடற்றவருக்கும் விருந்தோம்பல் இல்லங்கள் வேண்டும் என்று பத்திரிகை எழுதியது. படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த இல்லம் எங்கே என்று கதவைத் தட்டினார்கள். எழுதியவர்கள் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். எழுத்துக்கு இதைவிட நேர்மையான சோதனை வேறென்ன இருக்க முடியும்?

அன்பர்களே, ஒருநாள் அன்னதானம் செய்வது எளிது. சாப்பிட்டவர் எழுந்து போய்விடுவார். அவர் போகாமல், அடுத்த அறையில் படுத்து, இரவெல்லாம் இருமி, காலையில் குளியலறைக்கு நமக்கு முன்னால் நின்றால் என்ன செய்வது? டோரதி இதை மறைத்து எழுதியதே இல்லை. மூட்டைப்பூச்சி, பேன், நாற்றம், குடித்துவிட்டு வரும் சண்டை, எல்லாம் அவர் எழுத்தில் உண்டு. தனிமை கிடைக்காததுதான் அந்த வாழ்வின் கடுமையான வறுமை. சனிக்கிழமை பிற்பகலில் வானொலியில் ஓபரா கேட்பது அவருக்குக் கிடைத்த ஓய்வு.

அந்த வீட்டை ஒன்றாகக் கட்டிவைத்தவை சின்னஞ்சிறு வேலைகள். பத்திரிகை அச்சாகி வந்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடிப்பார்கள், முகவரி ஒட்டுவார்கள். கல்லூரிப் படிப்பை விட்டுவந்த இளைஞனும் மனநோயால் தெருவுக்கு வந்த மூதாட்டியும் பக்கத்தில் பக்கத்தில். மாலையில் திருப்பாடல்கள் சொல்லிச் செபம். வெள்ளி இரவில் சொற்பொழிவும் விவாதமும். யாரும் வரலாம், யாரும் கேட்கலாம்.

ராபர்ட் கோல்ஸ், பின்னாளில் பெயர்பெற்ற மனநல மருத்துவர், மாணவராக இருந்தபோது டோரதியைப் பார்க்கப் போனார். டோரதி ஒரு மேசையில், குடிபோதையில் ஓயாமல் பேசிய பெண்ணொருத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்துவந்து, எங்களில் ஒருவரோடு பேசக் காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்க்க வந்தது தன்னைத்தான் என்று அவர் எண்ணிக்கொள்ளவில்லை.

இன்னொரு செய்தி, ஜிம் ஃபாரஸ்ட் எழுதியது. ஒரு சீமாட்டி இல்லத்துக்கு வைர மோதிரம் கொடுத்தார். டோரதி அதை அங்கு அடிக்கடி வந்து எல்லோரிடமும் சண்டை பிடிக்கும் ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் அவளுக்குப் பல மாத வாடகை கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். விற்பதா, விரலில் போட்டுக்கொள்வதா என்று அவளே முடிவு செய்யட்டும், கடவுள் வைரத்தைப் பணக்காரருக்கு மட்டுமா படைத்தார் என்பது டோரதியின் பதில். நியாயமான கணக்கு உடனிருந்தவர்களுடையது. ஆனால் ஏழையின் பணத்தை ஏழைக்காக நாமே எண்ணிக் கொடுக்கும் பழக்கத்தை அந்தப் பதில் அடித்து வீழ்த்துகிறது.

பணத்தில் அவர்கள் பிடிவாதக்காரர்கள். சுரங்க ரயிலுக்காக நகராட்சி எடுத்துக்கொண்ட அவர்களுடைய கட்டடத்துக்கான தொகை வட்டியோடு வந்தபோது, வட்டி வாங்குவது தவறு என்று 1960இல் 3,579 டாலர் 39 சென்டைத் திருப்பி அனுப்பினார்கள். 1956இல் கட்டடப் பாதுகாப்பு விதியை மீறியதற்காக 250 டாலர் அபராதம் விழுந்தது. நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட டோரதியின் கையில், வாசலில் கசங்கிய உடையோடு நின்ற ஒருவர் ஒரு காசோலையைத் திணித்தார். பிரித்துப் பார்த்தால் முழு 250 டாலர்! கொடுத்தவர் ஏழையல்ல, கவிஞர் டபிள்யூ. எச். ஆடன்.

1980 நவம்பர் 29 அன்று டோரதி கண்மூடினார். அதுவும் வீடற்ற பெண்களோடு அவர் வாழ்ந்த மேரி இல்லத்தில்தான்.

எல்லோரும் இப்படி இல்லம் தொடங்க முடியாது என்பது மோரினுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் வீட்டில் ஓர் அறையைக் கிறிஸ்துவின் அறையாக, இடமற்ற ஒருவருக்காக ஒதுக்கி வைக்கட்டும் என்றார். அந்த அழைப்பை இந்த அவையில் அப்படியே வைக்கிறேன். அறை இருப்பவர்கள் அறை கொடுங்கள். இல்லாதவர்கள் வாரத்தில் ஒருவேளை ஒருவரை வீட்டுக்குள் அழையுங்கள். பரிமாறிவிட்டு நின்றுகொண்டிருக்காதீர்கள், உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.