பல்லிக் கூட்டின் உஷ்ணம்



பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா. சிறு தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் பேட்டை அது. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் விண்ணில் ஏறிய ஆரியபட்டா, நம் நாட்டின் முதல் செயற்கைக் கோள், அங்குள்ள தொழிற் கொட்டகைகளில்தான் உருவாயிற்று. இரும்பைப் பதப்படுத்தும் உலை, பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் யந்திரம், வர்ணத்தை உலர்த்தும் அடுப்பு என்று, உஷ்ணத்தை அடக்கி ஆளும் தொழில் அப்பேட்டையில் நாள்தோறும் நடைபெறுகிறது. அத்தகைய பட்டறைகள் நன்கறிந்த ஒரு பாடத்தை, வீட்டில் பல்லி வளர்ப்போருக்கு எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பல்லியையும் வளர்ப்பார்களா என்று சிலர் வியக்கலாம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியை நான் குறிப்பிடவில்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட மலைச்சாரல்களில் வாழும் சிறுத்தைப் பல்லி என்ற இனம், உலகின் பல நகரங்களில் இன்று செல்லப் பிராணியாகி விட்டது. மஞ்சள் உடலில் கரும்புள்ளி கொண்ட சாதுவான பிராணி அது. நம் காடுகளிலிருந்து பல்லிகளைப் பிடித்து வந்து அடைப்பது முறையாகாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றைப் பிடிப்பது குற்றமும் ஆகும்.

பல்லியின் உடல் தனக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே போதிய அளவில் உண்டாக்கிக் கொள்வதில்லை. காட்டில் அது வெயிலில் காய்ந்த பாறையை நாடும். சூடு மிகுந்தால் வளைக்குள் நுழையும். இவ்விதம் இடம் மாறுவதே அதன் உஷ்ணக் கட்டுப்பாடு. கண்ணாடிப் பெட்டியில் அடைத்தவுடனே அந்த உரிமையை நாம் பறித்து விடுகிறோம். ஆகவே அதைத் திருப்பித் தருவது நம் கடமை. பெட்டியின் ஒரு கோடியில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். மறுகோடி 25 டிகிரி அளவில் இருக்கட்டும். இரு கோடியிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். சூடேற்றும் பாய் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவலாகாது. முழுத் தரையையும் சூடாக்கினால் பிராணிக்குப் போக்கிடமே இல்லாமற் போகும்.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. மார்கழி, தை மாதத்து இரவுகளில் அங்கே சூடேற்றி தேவைப்படுகிறது. குளிர்ந்த பல்லிக்கு உண்ட பூச்சி செரிப்பதில்லை. ஆனால் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ள வேண்டும். சில மணி நேரக் குளிரைச் சிறுத்தைப் பல்லி பொறுத்துக் கொள்ளும். மிகுந்த வெப்பத்தைப் பொறுக்காது. சுடும் கல்லின் மீது படுத்த பல்லி உடனே விலகாமல் வயிறு வெந்து போவதும் உண்டு. எனவே, சூடு குறைவதைவிடச் சூடு மிகுவதற்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

சூட்டை அளவில் நிறுத்தும் கருவி தெர்மோஸ்டாட். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரெபல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்கும் அடுப்புக்காக இத்தகைய ஏற்பாடு ஒன்றைச் செய்தார். ஆகவே உயிரைப் பேணும் வேலை இக்கருவிக்குப் புதிதன்று. இன்றைய கருவியில் மெல்லிய கம்பி ஒன்றின் முனை உஷ்ணத்தை உணர்கிறது. குறித்த அளவு வந்ததும் மின்சாரம் நிற்கிறது. குறைந்ததும் மீண்டும் பாய்கிறது.

இங்கேதான் பட்டறையின் பாடம் வருகிறது. பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரத்தில் உஷ்ணத்தை உணரும் தெர்மோகப்பிள் தன் குழியிலிருந்து நழுவி விட்டால் என்ன ஆகும்? அது வெளிக்காற்றை அளந்து, "இன்னும் சூடு போதாது" என்றே அறிவிக்கும். சூடேற்றி ஓயாமல் எரியும். உள்ளே பிளாஸ்டிக் கருகும். பல்லிக் கூட்டிலும் இதுவே நிகழ்கிறது. இரவில் பல்லி மண்ணைத் தோண்டுகிறது. உணர்முனை பிடுங்கப்பட்டுக் குளிர்ந்த மூலையில் விழுகிறது. தெர்மோஸ்டாட் பழுதின்றி வேலை செய்துகொண்டே பிராணியைக் கொன்று விடும். மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக் கொண்டாலும் விளைவு ஒன்றுதான்.

ஆதலால், "கருவி பழுதானால் என்ன ஆகும்?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். உலை அமைப்போர் கட்டுப்படுத்தும் கருவியோடு நிற்பதில்லை. சற்று அதிகமான அளவில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது காவலையும் வைக்கிறார்கள். கூட்டுக்கும் அப்படியே, முதல் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியிலும், தனித்த உணர்முனை கொண்ட இரண்டாவதை 35 டிகிரியிலும் நிறுத்தலாம். அதைவிடச் சிறந்தது, வாட் குறைந்த சூடேற்றியைத் தேர்வது. பல்லியைக் கொண்டு வருமுன், காலிக் கூட்டில் உணர்முனையை வெளியே எடுத்து வைத்து, சூடேற்றியை ஓட விட்டு, அருகிலிருந்து கவனியுங்கள். தரை எவ்வளவு சூடேறுகிறது என்பது தெரிந்து விடும். ஆபத்தான அளவுக்கு ஏறினால் அந்தச் சூடேற்றி வேண்டாம்.

உணர்முனையைச் சூடான மறைவிடத்தின் தரையில் அசையாதபடி பொருத்துங்கள். தெர்மோஸ்டாட்டின் சொல்லை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு வெப்பமானி வைத்து நாள்தோறும் பாருங்கள். பாயின் மேல் மணலைக் கனமாகக் கொட்டாதீர்கள். சூடு அடியில் தேங்கும், தோண்டும் பல்லி சுட்டுக் கொள்ளும். பல்புக்குப் பீங்கான் ஹோல்டரும் கம்பி வலையும் வேண்டும். மின்சாரம் நின்று திரும்பினால், கருவியில் குறித்த அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மின்சாரம் இல்லாத குளிரிரவில் காற்றுத் துளையை விட்டுக் கம்பளியால் போர்த்தினால் போதும். மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம்.

கோடைக்கும் ஒரு வார்த்தை. குளிர்ச்சிக்குப் பெயர் பெற்ற பெங்களூரிலேயே 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 39.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. தகரக் கூரையின் கீழ் அது இன்னும் மிகும். தெர்மோஸ்டாட் சூடேற்றியை நிறுத்தும், அறையைக் குளிர்விக்காது. அந்நாட்களில் சூடேற்றியை அறவே நிறுத்திவிட்டு, கூட்டை வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றுவதே வழி. ஜன்னல் வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகி விடும்.

பட்டறையில் கருவி தவறினால் சரக்குத்தான் கருகும். வேறு சரக்கு வார்த்துக் கொள்ளலாம். கூட்டில் இருப்பதோ ஓர் உயிர். சூடு மிகுந்தது என்று அதற்குக் கூவத் தெரியாது. கதவைத் திறந்து வெளியேறவும் இயலாது. அடைத்து வைப்பவர் அதன் பொருட்டு முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.