மந்திரி பதில் சொல்ல வேண்டும்

(சட்டசபைக் கேள்விகளைப் பற்றி ஒரு சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சப்பென்று தோன்றலாம். புராணத்தைப் பற்றியோ சடங்கைப் பற்றியோ பேசினால் உங்களுக்குச் சிரிக்கவும் இடமிருக்கும், கோபிக்கவும் இடமிருக்கும். சட்டசபை அங்கத்தினர்கள் மந்திரிகளை எழுத்து மூலமாய்க் கேட்கும் கேள்விகளைப் பற்றிப் பேசினால், இதில் நமக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கும் ஜாதிக்கும், இந்தக் கேள்விகளுக்கும் ஏழை மனிதன் உயிருக்கும் எவ்வளவு சம்பந்தம் இருக்கிறது என்பதைச் சிறிது பொறுமையாய்க் கேட்டால் தெரிந்து கொள்வீர்கள்.

நம் நாட்டில் ஒருவனுக்குக் குறை ஏற்பட்டால் அவன் என்ன செய்கிறான்? மனு எழுதுகிறான். அதில் "தாழ்மையுடன்" என்று ஆரம்பித்துக் "கருணை கூர்ந்து" என்று முடிக்கிறான். இது கோயிலில் நின்று சாமியிடம் வேண்டிக் கொள்வதைப் போன்றதே ஒழிய வேறில்லை. சாமியும் பதில் சொல்லுவதில்லை. மனுவை வாங்கினவரும் அநேகமாகப் பதில் சொல்லுவதில்லை. கேள்வி என்பது அப்படிப்பட்டதல்ல. கேட்கிறவனுக்குக் கேட்க உரிமையும், கேட்கப்பட்டவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் இருந்தால்தான் அதற்குக் கேள்வி என்று பெயர். நம் இயக்கம் இத்தனை காலமாய்ச் செய்து வந்த வேலையெல்லாம் மனு எழுதும் ஜனங்களைக் கேள்வி கேட்கும் ஜனங்களாக ஆக்குவதுதான். அந்த வேலை கோயில் வாசலோடு நின்றுவிடக் கூடாது. கோட்டை வாசலுக்கும் போக வேண்டும்.

இந்த உரிமை வந்த விதம்

இந்த உரிமையை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1721-ம் வருஷத்தில் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு என்பவர் ஒரு கேள்வி கேட்டார். தென்கடல் கம்பெனி என்ற பெரிய மோசடிக் கம்பெனியின் காசாளர் நாட்டை விட்டு ஓடிப்போய்ப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிடிபட்டதாகச் சொல்லுகிறார்களே, அது உண்மைதானா என்பதே அந்தக் கேள்வி. அந்நாட்டுப் பார்லிமெண்டில் பதிவான முதல் கேள்வி அதுதான். பிறந்த போதே அது ஊரார் பணத்தை விழுங்கினவனைப் பற்றிய கேள்வியாய்ப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 1861-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட சபைகளுக்குச் சட்டம் செய்வதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. 1892-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் அங்கத்தினர் கேள்வி கேட்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். சர்க்கார் கொடுக்கும் பதிலின் மேல் மறுபடியும் கேட்கக்கூடாது. சாமியார் வாக்குச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வருவது போல வரவேண்டியதுதான். 1909-ல் முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் மேல்கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தத்திற்குப் பிறகே மற்ற அங்கத்தினர்களும் எழுந்து கேட்கலாம் என்று வந்தது.

இப்பொழுது டில்லி லோக்சபையில் இரண்டு வகைக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. அதற்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், மேல்கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகளே பட்டியலில் ஏறும். அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் மணி அடிப்பதற்குள் முறை வரும். மற்றொன்று நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. அதற்கு மந்திரி எழுத்தில் பதில் கொடுத்துச் சபையின் மேஜை மேல் வைக்க வேண்டும். அது ஒரு நாளைக்கு 230 வரையில் ஏறும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. அதில் வாதம் கூடாது, கேலி கூடாது, வசை கூடாது, மந்திரியின் அபிப்பிராயத்தைக் கேட்கக்கூடாது. நடந்த சங்கதியைத்தான் கேட்க வேண்டும்.

வாய்ப்பேச்சில் சூடு இருக்கும், பத்திரிகைக்காரர்களும் எழுதுவார்கள். எழுத்துப் பதிலில் சூடு இல்லை. ஆனால் வாயால் சொன்னதைச் "சொல்லவில்லை, அர்த்தம் வேறு" என்று மழுப்பலாம். எழுதிக் கையெழுத்தான கணக்கை எப்படி மழுப்புவது? மந்திரி தெரிந்தே பொய் எழுதினார் என்று ஏற்பட்டால் அது சபையின் உரிமையை மீறிய குற்றமாகும். ஆகவே இலாகா அதிகாரிகள் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்துத்தான் பதில் தயாரிக்கிறார்கள். அவர்கள் நிறுத்துப் பார்க்கும் போது நாம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாமா?

கேள்வியால் ஆனது

கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். 1957-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், முந்திரா என்ற ஒரு வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் 1 கோடியே 20 லட்ச ரூபாய்க்கு மேல் கொண்டுபோய்ப் போட்டது. அது பாலிஸிதாரர்களின் பணம். செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற அங்கத்தினர் லோக்சபையில் அதைப் பற்றிக் கேள்வி கேட்டார். பதில் வழவழ என்று வந்தது. விட்டார்களா? டிசம்பரில் பெரோஸ் காந்தி கணக்கு வழக்குகளோடு எழுந்தார். இவர்கள் இருவரும் ஆளும் கட்சிக்காரர்களே என்பதை மறந்துவிடக் கூடாது. பிறகு நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நம் சென்னை ராஜ்ஜியத்திலிருந்து போன நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். இவ்வளவும் ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பித்தது.

ஒரே வருஷத்தில் இரண்டு பதில்

இப்பொழுது நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறோம்.

மலம் அள்ளும் வேலைக்கு மனிதனை வைக்கக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டமும், 2013-ல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் செய்யப்பட்டன. பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதும் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, குழியும் இருக்கிறது, குழியில் மனிதனும் இறங்கிக் கொண்டே இருக்கிறான்.

2021 பிப்ரவரியில் லோக்சபைக்குச் சமூக நீதி இலாகா எழுத்தில் ஒரு பதில் கொடுத்தது. 2020 டிசம்பர் 31-ந் தேதி வரைக்குமான ஐந்து வருஷத்தில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும் போது இறந்தவர்கள் 340 பேர். அதிகமாய்ச் செத்தது உத்தரப் பிரதேசத்தில், 52 பேர். அதற்கு அடுத்தது எது தெரியுமா? தமிழ்நாடு, 43 பேர். நாம் சுயமரியாதை பேசிய நாட்டில் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

அதே வருஷம் ஜூலையில் ராஜ்யசபையில் வேறொரு கேள்வி வந்தது. கையால் மலம் அள்ளியதனால் ஐந்து வருஷத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். அதே இலாகாவின் பதில் என்ன? அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பதே!

தோழர்களே! பிப்ரவரியில் செத்த 340 பேர் ஜூலையில் உயிரோடு எழுந்து வந்துவிட்டார்களா? அப்படியெல்லாம் வருவது புராணத்தில்தான். நடந்தது வார்த்தை வித்தை. சட்டத்தில் "கையால் மலம் அள்ளுதல்" என்பதற்கு ஒரு அர்த்தமும், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்குவதற்கு "அபாயகரமான சுத்திகரிப்பு" என்று வேறொரு அர்த்தமும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பெயரைச் சொல்லிக் கேட்டால் பூஜ்யம். இரண்டாவது காரியத்தைச் சொல்லிக் கேட்டால் 340. விஷவாயுவில் மூச்சு முட்டிச் செத்தவனுக்கு இந்த இரண்டு பெயருக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவன் பெண்டாட்டிக்கு வித்தியாசம் இருக்கிறது. சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது; 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கணக்கில் ஏறாத சாவுக்கு எந்தச் சர்க்கார் பணம் கொடுக்கும்?

2020 செப்டம்பரிலும் இதையேதான் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் தொற்று நோயைக் காரணமாகச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. ஊரடங்கின் போது ஊர் திரும்பிய கூலித் தொழிலாளிகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதிக் கேட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்றும், ஆகையால் நஷ்டஈடு என்ற கேள்வியே எழவில்லை என்றும் தொழிலாளர் இலாகா எழுதிக் கொடுத்தது. ஊர் திரும்பினவர்கள் 1 கோடிக்கு மேல் என்பதற்குக் கணக்கு இருந்தது. செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வீண் என்று நாம் சொல்லமாட்டோம். "கணக்கு வைக்கவில்லை" என்று சர்க்காரே எழுதிக் கொடுத்தது ஒரு சாட்சிப் பத்திரமாய் என்றைக்கும் இருக்கும்.

ஜாதியைக் கேட்ட கேள்வி

2021 டிசம்பரில் ராஜ்யசபையில் மனோஜ் ஜா என்ற அங்கத்தினர், மலம் அள்ளுவோரின் ஜாதிக் கணக்கைக் கேட்டார். பதில் வந்தது. ஜாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் தாழ்த்தப்பட்ட ஜாதியார் 42,594 பேர். பழங்குடியினர் 421, பிற்பட்டோர் 431, மற்ற எல்லாரும் சேர்ந்து 351.

"இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்கிற கனவான்களுக்கு இதைவிடப் பெரிய பதில் என்ன வேண்டும்? நூற்றுக்கு 97 பேர் ஒரே பிரிவில் வந்து விழுந்தது தற்செயலா? அவரவர் இஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்த தொழிலா? நாம் மேடையில் ஆயிரம் தடவை சொன்னதைச் சர்க்கார் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. கணக்கு வெளிவந்தால்தான் அநியாயம் வெளிவரும் என்பது நமக்குப் புதிதல்ல. 1921-ல் ஜஸ்டிஸ் கட்சி சர்க்கார் செய்த 613-வது நெம்பர் வகுப்புவாரி உத்தரவு என்ன சொல்லிற்று? உத்தியோகத்தில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பட்டியல் கொடு என்றுதானே சொல்லிற்று?

நாம் செய்ய வேண்டியது

அங்கத்தினர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1951-லேயே முத்கல் என்ற அங்கத்தினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி கேட்டு மாட்டிக் கொண்டார். 2005-ல் அதே குற்றத்துக்காக 11 பேர் இரு சபைகளிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். வியாபாரி தன் கேள்வியைக் காசு கொடுத்து உள்ளே அனுப்புகிறான். ஓட்டுக் கொடுத்த நாம் நம் கேள்வியைச் சும்மாவாவது அனுப்பினோமா?

இனிமேல் உங்கள் அங்கத்தினர் வோட்டுக்கு வரும்போது மாலை போடாதீர்கள். ஒரு காகிதத்தைக் கொடுங்கள். அதில் "சாக்கடைச் சாவைத் தடுக்க சர்க்கார் என்ன செய்யப் போகிறது?" என்று எழுதினால் "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரியில் பதில் வரும். அப்படி எழுதாதீர்கள். (அ) இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் எந்தப் பெயரிட்டாவது இறக்கப்பட்டு இறந்தவர்கள் ஜில்லாவாரியாய் எத்தனை பேர்? (ஆ) அவர்களில் முழு நஷ்டஈடு பெற்ற குடும்பங்கள் எத்தனை? (இ) 2013-ம் வருஷத்துச் சட்டப்படி வழக்குப் போட்டது எத்தனை, தண்டனையானது எத்தனை? (ஈ) யாரும் தண்டிக்கப்படவில்லையானால் காரணம் என்ன? என்று பிரித்துப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் மறு ஓட்டை வழியாய் ஓட முடியாதபடி கேள்வி இருக்க வேண்டும்.

"அது மாநில விஷயம்" என்று டில்லியில் சொன்னால் அதே கேள்வியைச் சென்னைச் சட்டசபையில் கேட்கச் சொல்லுங்கள். "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்றால் தேதியைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். மந்திரிகள் கொடுத்த வாக்குறுதிகளைக் கவனிக்க லோக்சபையில் 1953 முதல் ஒரு கமிட்டி இருக்கிறது; மூன்று மாதத்தில் அந்த வாக்கு நிறைவேற வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

பதில்கள் இங்கிலீஷிலும் இந்தியிலும் வருகின்றன. படித்த வாலிபர்கள் வாரத்தில் ஒரு நாள் நம் வாசகசாலையில் உட்கார்ந்து, நம் ஊர் சம்பந்தப்பட்ட பதில்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மந்திரி எழுதிய கணக்கு சரியா என்று சொல்ல டில்லியில் ஆளில்லை. நம் தெருவில் யார் குழியில் இறங்கிச் செத்தான் என்பது நமக்குத்தான் தெரியும். மந்திரி பூஜ்யம் என்று எழுதியிருந்தால், செத்தவன் பெயரையும் தேதியையும் தெருவையும் எழுதி அடுத்த கேள்விக்கு அனுப்ப வேண்டியது நம் வேலையாகும். இதைச் செய்ய நம்மில் எத்தனை பேர் தயாராயிருக்கிறீர்கள் என்று கேட்டு, எம் வார்த்தையை இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.