முத்து யாருடைய சொத்து?

(திரேஸ்புரம் கூட்டத்தில் பேசியது)



"நான் தேடிய சொத்தில் பங்கு கேட்க நீ யார்?" என்று பணக்காரர்கள் கேட்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தக் கேள்விக்குத் தத்துவம் எழுதியவர் அமெரிக்காவில் ராபர்ட் நோசிக் என்பவர். 1974-ல் வந்த அவருடைய புஸ்தகத்தின் சாரமென்னவென்றால், ஒருவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதே, எப்படி வந்தது என்று பார். நேர்மையாய் எடுத்ததும், பிறர் மனமொப்பிக் கொடுத்ததும் அவனுக்கே சொந்தம். அதைப் பிடுங்கிப் பங்கிட எவருக்கும் பாத்தியமில்லை என்பதாகும். இதைக் கேட்டு நம்மவர் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வரவில்லை. நல்ல கேள்விதான், இதை நம் கடலிலேயே கேட்டுப் பார்ப்போம்.

இங்கே முத்துக்குளிப்பு கடைசியாய் நடந்தது 1961-ல். வெள்ளைக்காரன் காலத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். குளிக்கிறவன் கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி பொறுக்குவான். கயிறு பிடிப்பவன் தோணியிலிருந்து இழுப்பான். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று பங்காக வைத்தால் இரண்டு பங்கு சர்க்காருக்கு! மிச்ச ஒரு பங்கில்தான் குளித்தவன், கயிறு பிடித்தவன், தோணிக்காரன் எல்லோரும் பிழைக்க வேண்டும். சர்க்கார் எந்த மூச்சை அடக்கிற்று? பாரைச் சோதித்தோம், காவல் காத்தோம் என்பார்கள். காவல்கூலி கேட்கட்டும், மூன்றில் இரண்டா காவல்கூலி? ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, அல்லது சாறு தொலைந்ததா என்று நோசிக்கே கேட்கிறார். நம் சர்க்கார் அந்தச் சாற்றைக்கூட ஊற்றவில்லை.

இன்னொரு வேடிக்கை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: அரசனுக்குப் பத்தில் ஒன்று, பெரிய மீன்கள் கடிக்காதபடி மந்திரம் போடும் பிராமணர்களுக்கு இருபதில் ஒன்று. மந்திரம் பகலுக்கு மட்டுந்தானாம்; இரவில் அவிழ்த்து விடுவார்களாம். சுறாவுக்கும் கச்சேரி நேரம் வைத்துவிட்டார்கள்!

"குளித்தவன் மனமொப்பித்தானே கொடுத்தான்?" என்பார்கள். பிள்ளைகுட்டிக்காரன், சுறாவுக்குப் பயந்து கொடுத்தான். பயத்தை வளர்த்து வாங்கியது மனமொப்பிக் கொடுத்ததாகுமா? அநியாயமாய் வந்த சொத்தைத் திருத்தியாக வேண்டுமென்றும் அதே புஸ்தகத்தில் இருக்கிறது. நம் பணக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

பழங்கதை போகட்டும். இன்று முன்பணம் வாங்கிய கடனுக்காக, வியாபாரி சொன்ன விலைக்கே மீனையும் சங்கையும் போட்டுவிட்டுப் போகிறானே, அவன் மனமொப்பினானா? நோசிக்கைப் படித்தவர் எவரேனும் இந்தக் கூட்டத்தில் இருந்தால் மேடைக்கு வந்து பதில் சொல்லலாம். நேரம் தருகிறேன்.