காரடையான் நோன்புக்கு விதை, கத்திரி வெயிலுக்குக் காய்

(பிப்ரவரி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொட்டை மாடியில் காய்கறிப் பைகள் வைப்பதற்கு இரண்டு ஆட்சேபணைகள் வந்துள்ளன. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிச் செடிக்கு ஊற்றுவதா என்பது ஒன்று. தளம் ஒழுகினால் மேல் மாடிக்காரர்கள் கதி என்ன என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயம்தான். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால்தான் தக்காளி, கீரை என்று இறங்காமல், முதலில் காராமணி மட்டும் போடுவோம் என்கிறேன்.

காராமணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வெயில் அதற்குப் பழக்கம். கோவைப் பக்கம் தட்டைப்பயறு என்பதும் இதுதான். இதன் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும். ஆகவே யூரியா வேண்டாம். போட்டால் இலைதான் தழைக்கும், காய் குறையும்.

மார்ச் நடுவில் காரடையான் நோன்பு வருகிறது. அப்போது விதைத்தால் சுமார் 50 நாளில், அதாவது அக்னி நட்சத்திரம் தொடங்கும் சமயத்தில், காய் பறிக்கலாம். நோன்பு அடைக்கு வாங்கும் காராமணியையே விதைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். முளைக்கும், ஆனால் என்ன ரகம் என்று தெரியாது. காய்க்கென்று விற்கும் குத்துச்செடி ரக விதையே நல்லது. பந்தல் தேவையில்லை.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, 12 அங்குலப் பையில் நிரப்புங்கள். ஓர் அங்குல ஆழத்தில் விதையுங்கள். பைக்கு இரண்டு செடி போதும். காயைப் பிஞ்சாகப் பறித்தால் மேலும் மேலும் காய்க்கும். முற்றவிட்டால் செடி ஓய்ந்துவிடும்.

இதற்கு முக்கிய எதிரி அசுவினி. எறும்பு ஏறினாலே இலையின் அடியைப் பாருங்கள். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலையில் மஞ்சள் திட்டுகளோடு செடி சுருண்டால் வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி கணக்கு. வங்கியில் இருந்தவன், கணக்கில்லாமல் பேசக்கூடாது. 20 பைகள். உச்ச வெயிலில் பைக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் வைத்தாலும் 40 லிட்டர். 60 நாளுக்கு 2,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்தில் ஒரு பங்கு. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்தால் இன்னும் குறையும். ஆர்.ஓ. கழிவு நீர் மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

அடுத்து தளம். நனைந்த பை 15 கிலோ வரை வரும். ஆகவே நடுத்தளத்தில் வைக்காமல், கைப்பிடிச் சுவரோரமாக, இரும்பு ஸ்டாண்டின் மேல் வைப்போம். அடியில் காற்றோடும், கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும். வைக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடலாம். ஜூலைக்குள் அறுவடை முடிந்துவிடும். செடியை அடியோடு வெட்டி, வேரைப் பையிலேயே விட்டுவிட்டால் அடுத்த பயிருக்கு உரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடி காலியாகிவிடும்.

மாடி நம் எல்லோருக்கும் பொது. எனவே இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் அனுமதி கேட்கிறேன். ஆகஸ்டில் தண்ணீர்க் கணக்கையும் காய்க் கணக்கையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.