சாம்பலில் மிஞ்சியது
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் சிறுவனாக இருந்தபோது ரிங்லெட்டில் எங்கள் கடை எரிந்துபோனது. மறுநாள் சாம்பலைக் கிளறிய அத்தா, வளைந்துபோன இரும்புத் தராசை எடுத்து வைத்தார். “இது எதுக்கு அத்தா?” என்றேன். “நம்ம கடை இருந்ததுக்கு இதுதான் சாட்சி” என்றார்.

அந்தப் பதிலின் அருமை, போலிடெக்னிக்கில் கட்டுமானம் படித்த காலத்தில் சிகாகோ தீயைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1871 அக்டோபர் 8 இரவு மூண்ட அந்தத் தீயில் 17,000 கட்டடங்களுக்கு மேல் அழிந்தன. சுமார் 300 பேர் இறந்தார்கள். சுமார் 100,000 பேர் வீடிழந்தார்கள்.

மறு ஆண்டே லிங்கன் பூங்கா அருகில் ஒரு சிறு கடை எழுந்தது. தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன கல், இரும்பு, பிற உலோகக் கட்டிகளைக் கொண்டே அதைக் கட்டினார்கள். ‘ரெலிக் ஹவுஸ்’ என்று பெயர், மிச்சங்களின் வீடு. சிற்றுண்டிக் கடையாகத் தொடங்கி உணவகமாக வளர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களே வாடிக்கையாளர் ஆனார்கள்.

தீ மிச்சம் வைத்ததை, 1929இல் மனிதர்களே இடித்துவிட்டார்கள். இன்று படங்களில்தான் பார்க்கலாம்.

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. பழைய ரசீதுப் புத்தகம், பெயர்ப்பலகை, நோன்புக் கஞ்சி காய்ச்சிய சட்டி என்று வீட்டில் எது கிடந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மன்றத்தில் ஓர் அலமாரி வைப்போம். முதல் பொருளாக அத்தாவின் தராசை நான் தருகிறேன்.